டார்வின் கடிதங்களுக்கு ஆய்வாளர் எதற்கு? கடிதப் பதிப்புப் பணிகள் பற்றி ஒரு விளக்கம்

மறைந்த அறிவியலாளர் ஒருவரின் கடிதங்களைப் பதிப்பிக்க ஆள் தேவை, முனைவர் பட்டம் இருந்தால் நல்லது, ஒப்பந்தம் ஓரிரு ஆண்டுகளுக்கு. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா பல்கலைக்கழகங்களின் வேலை அறிவிப்புகளில் இப்படி ஒன்று அவ்வப்போது கண்ணில் படும். பார்ப்பவர்களுக்கு உடனே மூன்று சந்தேகங்கள் எழுகின்றன. பழைய கடிதத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய முனைவர் பட்டம் எதற்கு? படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா? கையெழுத்தைக் கணினியே படித்துவிடும் காலத்தில் இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா?

மூன்றுக்கும் பதில் சொல்ல, இந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பேசுவதற்குச் சரியான எடுத்துக்காட்டு சார்ல்ஸ் டார்வின். அவர் கடிதங்களைப் பதிப்பிக்கும் பணி கேம்பிரிட்ஜில் 1974-ல் தொடங்கி 2022-23 வாக்கில்தான் முடிந்தது.

எத்தனை கடிதங்கள், எங்கே?

டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக இன்று நமக்குத் தெரிந்த கடிதங்கள் சுமார் 15,000. எதிர்முனையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். 1821-ல் அவர் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில் தொடங்கி, 1882-ல் இறக்கும்வரை இந்தப் போக்குவரத்து நடந்திருக்கிறது.

கடிதங்களுக்கு ஒரு இயல்பு உண்டு. அனுப்பியது அனுப்பியவரிடம் இருக்காது, பெற்றவரிடம்தான் இருக்கும். ஆகவே டார்வின் வீட்டில் மிஞ்சியவை பெரும்பாலும் மற்றவர்கள் அவருக்கு எழுதியவை. அவர் எழுதியவையோ உலகெங்கும் நூலகங்களிலும், தனியார் வீட்டு அலமாரிகளிலும், ஏலக்கடைகளிலும் சிதறிக் கிடந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில்தான் மிகப் பெரிய தொகுப்பு இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டால் உரையாடலின் ஒரு பக்கம்தான் கேட்கும்.

வந்த கடிதங்களும் முழுதாக இல்லை. கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அதுபோன்ற கம்பிகளில்தான் டார்வின் கடிதங்களைக் குத்தி வைத்திருந்தார். கம்பிகள் நிரம்பியதும் பழையவற்றை எடுத்து எரித்துவிடுவார். 1862-க்கு முன் வந்தவற்றில் பெரும்பகுதி இப்படிப் போய்விட்டதாக அவர் மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். மிஞ்சியவற்றிலும் சிலவற்றை டார்வின் கத்தரித்து, துண்டுகளைப் பொருள்வாரியாகக் கோப்புகளில் போட்டு வைத்தார். ஒரு கடிதத்தின் மேல்பாதி புறாக் கோப்பிலும், கீழ்ப்பாதி ஆர்கிட் கோப்பிலும் இருக்கலாம். இரண்டும் ஒரே கடிதம் என்று கண்டுபிடித்து ஒட்டுவதே ஒரு ஆய்வு.

இதையெல்லாம் திரட்டும் வேலையை 1974-ல் தொடங்கியவர் அமெரிக்கரான ஃப்ரெடெரிக் பர்க்ஹார்ட். உடன் இருந்தவர் கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் சிட்னி ஸ்மித். எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுப்பதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. 1985-ல் வெளிவந்த முதல் பட்டியலில் 13,000-க்கும் மேற்பட்ட கடிதங்களின் சுருக்கம் இருந்தது. முதல் தொகுதியும் அதே ஆண்டில் வந்தது. மொத்தம் 30 தொகுதிகள். பர்க்ஹார்ட் 2007-ல் காலமானார். தொடங்கியவர் முடிவைப் பார்க்கவில்லை.

பதிப்பித்தல் என்றால் என்ன?

உ.வே.சா. சுவடிகளைப் பதிப்பித்த முறையை அறிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மூலத்தில் உள்ளதை உள்ளபடி தருவது, சந்தேகமான இடத்தைச் சந்தேகம் என்றே காட்டுவது, படிப்பவருக்குத் தெரியாததைக் குறிப்பில் சொல்வது. கடிதப் பதிப்பின் அடிப்படையும் இதுதான். வேலைகளை வரிசையாகச் சொன்னால்:

1. தேடுதல். நூலகங்களுக்கு எழுதிக் கேட்பது, ஏலப் பட்டியல்களைக் கவனிப்பது, பழைய நூல்களில் மேற்கோளாக மட்டும் எஞ்சியுள்ள கடிதங்களைக் குறித்துவைப்பது. தொகுதி அச்சான பிறகும் புதுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும்.

2. படியெடுத்தல். கையெழுத்தை எழுத்துக்கு எழுத்து அச்செழுத்தாக மாற்றுவது. டார்வினின் கையெழுத்து மோசம். பிற்காலத்தில் மனைவி எம்மாவும் பிள்ளைகளும் அவர் சொல்லச் சொல்ல எழுதியதும் உண்டு. எந்த வரி யார் கையெழுத்து என்பதையும் குறிக்க வேண்டும். எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது, அடித்த வரியை விட்டுவிடக் கூடாது. ஒருவர் எடுத்த படியை இன்னொருவர் மூலத்தோடு மறுபடியும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

3. தேதியையும் ஆளையும் உறுதி செய்தல். இதைத் தனியாக விரிவாகப் பார்க்க வேண்டும்.

4. குறிப்பு எழுதுதல். கடிதத்தில் வரும் நபர், நூல், செடி, சோதனை, பணத்தொகை ஒவ்வொன்றும் எது என்று அடிக்குறிப்பில் விளக்குவது.

5. குறியிடுதல். கணினி புரிந்துகொள்ளும்படி பெயர், இடம், தேதி, அடித்தல், திருத்தல் எல்லாவற்றுக்கும் அடையாளக் குறிகள் இடுவது. டிஇஐ என்ற பொது முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஒரே முறையில் குறியிட்டால்தான் வெவ்வேறு திட்டங்களின் கடிதங்களை ஒன்றாகத் தேட முடியும். 2018-ல் தொடங்கிய எப்சிலான் என்ற தளம் 19-ஆம் நூற்றாண்டு அறிவியலாளர்களின் கடிதங்களை இப்படி ஒரே இடத்தில் சேர்க்கிறது.

6. உரிமை. கடிதத் தாள் அதை வைத்திருப்பவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. பிரிட்டனில் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒருவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தாலும், அவர் எழுதியது 1989 வரை வெளியிடப்படாமலே கிடந்திருந்தால், அதன் பதிப்புரிமை 2039 இறுதிவரை நீடிக்கலாம். விக்டோரியா காலத்துத் தோட்டக்காரர் எழுதிய கடிதத்தை அச்சிட அவர் கொள்ளுப்பேரனைத் தேடிப் போக வேண்டியிருப்பது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே தேதி

அடிக்கடி கடிதம் எழுதுகிறவர்கள் முழுத் தேதி போடுவதில்லை. டார்வின் பல கடிதங்களில் கிழமையை மட்டும் போட்டார். சிலவற்றில் நாளும் மாதமும் இருக்கும், ஆண்டு இருக்காது. பெற்றவருக்கு அது போதும். 150 ஆண்டு கழித்துப் படிப்பவருக்குப் போதாது.

அப்போது ஆய்வாளர் துப்பறிய வேண்டும். கிழமையும் தேதியும் சேர்ந்து பொருந்தும் ஆண்டுகள் சிலவே. தாளின் நீர்க்குறி, அச்சிட்ட முகவரி, துக்கக் காலத்தில் பயன்படுத்திய கறுப்பு ஓரத் தாள் ஆகியவையும் கைகொடுக்கும். டார்வின் நாற்பது ஆண்டு ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார். ஆனால் 1869-ல் அவருடைய அஞ்சல் முகவரி பிராம்லியிலிருந்து பெக்கன்ஹாமுக்கு மாறியது. தாளின் தலைப்பில் எந்த ஊர் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி ஆண்டுகள் கழிந்துவிடும்.

ஒரு கடிதத்தின் தேதி எவ்வளவு கனமானது என்பதற்கு 1858-ஐப் பார்க்கலாம். இன்றைய இந்தோனேசியாவின் டெர்னாட்டே தீவிலிருந்து இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் ஒரு கட்டுரையை டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் இருபது ஆண்டாக வெளியிடாமல் வைத்திருந்த அதே கருத்து, இயற்கைத் தேர்வு, அதில் இருந்தது. டார்வின் அதை உடனே நிலவியலாளர் லயலுக்கு அனுப்பி, இது இன்று வந்து சேர்ந்தது என்று எழுதினார். 1858 ஜூலை 1 அன்று, லண்டனில் இயற்கையியலாளர்களின் அமைப்பான லின்னியன் கழகத்தில் இருவரின் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டது.

லயலுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் டார்வின் போட்ட தேதி 18 மட்டும்தான். மாதமும் ஆண்டும் கிடையாது. அச்சில் இதை 18 [ஜூன் 1858] என்று போடுகிறார்கள். அந்தச் சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிப்பாசிரியரின் முடிவு, டார்வின் எழுதியது அல்ல என்று பொருள். இந்தச் சின்னக் குறி இல்லாவிட்டால், ஊகம் எது ஆவணம் எது என்று படிப்பவருக்குத் தெரியாது.

சர்ச்சை இங்கேதான் தொடங்குகிறது. டெர்னாட்டேயிலிருந்து வாலஸ் இன்னொருவருக்கு, ஃப்ரெடெரிக் பேட்ஸுக்கு, எழுதிய கடிதம் உறையின் முத்திரைகளோடு கிடைத்திருக்கிறது. அது மார்ச் கப்பலில் புறப்பட்டு ஜூன் 3 அன்று லண்டன் வந்தது. டார்வினுக்கான கட்டுரையும் அதே கப்பலில் வந்திருந்தால், அவர் இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு இன்று வந்தது என்று எழுதியிருக்கிறார் என்றாகும். அதாவது பொய். அந்த இடைவெளியில் வாலஸின் கருத்தை எடுத்துக்கொண்டார் என்றுகூடச் சிலர் எழுதினார்கள்.

2012-ல் ஜான் வான் வைஹே, கீஸ் ரூக்மாக்கர் என்ற இருவர் அஞ்சல் கப்பல்களின் அட்டவணைகளைத் தோண்டி எடுத்தார்கள். அவர்கள் வாதம் இது: வாலஸ் எழுதியது டார்வினின் முந்தைய கடிதத்துக்குப் பதில். அந்தக் கடிதம் டெர்னாட்டேக்கு வந்ததே மார்ச் கப்பலில்தான். வந்த கப்பலிலேயே பதில் போயிருக்க முடியாது, அடுத்த மாதக் கப்பலில்தான் போயிருக்கும். சிங்கப்பூர், இலங்கையின் காலி, சூயஸ் வழியாக வரும் அந்தத் தபால் டார்வின் வீட்டை அடைவது ஜூன் 18 வாக்கில். டார்வின் சொன்னது பொருந்துகிறது. இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். வாலஸ் அனுப்பிய கடிதமும் கட்டுரையின் கைப்பிரதியும் இன்று இல்லை என்பதால் வாதம் நீள்கிறது. அந்த உறை ஒன்று இருந்திருந்தால் முத்திரையைப் பார்த்து ஒரே நாளில் முடித்திருக்கலாம்.

லின்னியன் கழகத்தில் வாசித்தவற்றில் இன்னொரு கடிதமும் இருந்தது. டார்வின் தன் கருத்தைச் சுருக்கி அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதியது. யார் முந்தி என்பதற்கு அதுவே சாட்சி. அச்சான கட்டுரையின் முன்னுரையில் அதன் மாதம் அக்டோபர் 1857 என்று இருக்கிறது. சில பக்கம் தள்ளித் தலைப்பில் செப்டம்பர் 5, 1857 என்று இருக்கிறது. ஒரே வெளியீட்டுக்குள் இரண்டு தேதி. இதையெல்லாம் பார்த்து, ஒப்பிட்டு, காரணத்தோடு ஒரு முடிவு சொல்ல வேண்டிய ஆளைத்தான் அந்த வேலை அறிவிப்புகள் கேட்கின்றன.

ஒரு வரிக்கு எத்தனை குறிப்பு? ராமானுஜன் கடிதம்

அடிக்குறிப்பு வேலை எப்படி இருக்கும் என்று காட்ட நம் ஊர்க் கடிதம் ஒன்றே போதும். 1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியது. துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தராக இருக்கிறேன், எனக்கு இப்போது சுமார் 23 வயது என்று தொடங்குகிறது.

இந்த இரண்டு தகவல்களுக்குப் பதிப்பாசிரியர் என்ன செய்வார்?

1. வயது. ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. கடிதம் எழுதும்போது அவருக்கு 25 முடிந்திருந்தது. கடிதத்தில் 23 என்றே விட்டுவிட வேண்டும். உண்மை வயதைக் கீழே குறிப்பில் தர வேண்டும்.

2. சம்பளம். வாழ்க்கை வரலாறுகள் தரும் தொகை மாதம் 30 ரூபாய். அன்றைய மாற்று விகிதம் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆண்டுக்கு 360 ரூபாய், அதாவது 24 பவுண்டு. 20 பவுண்டு என்றால் மாதம் 25 ரூபாய்தான் வருகிறது. தோராயமாகச் சொன்னாரா, வேறு கணக்கா என்று தீர்மானிக்கத் துறைமுகப் பதிவேடுகளைத் தேட வேண்டும்.

கணிதத்துக்குள் இன்னும் நுழையவே இல்லை. அடுத்த பக்கங்களில் வரும் ஒவ்வொரு தேற்றமும் முன்பே தெரிந்ததா, புதியதா, சரியா என்று சொல்லக் கணிதம் தெரிந்தவர் வேண்டும். ராமானுஜனின் கடிதங்களை விளக்கவுரையோடு பதிப்பித்து 1995-ல் வெளியிட்ட புரூஸ் பெர்ன்ட், ராபர்ட் ரேங்கின் இருவரும் கணிதப் பேராசிரியர்கள். வேலை அறிவிப்புகளில் அறிவியல் பின்னணியையும் வரலாற்றுப் பயிற்சியையும் சேர்த்துக் கேட்பது இதனால்தான். இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது அரிது. அதனால் நல்ல திட்டங்கள் குழுவாகவே இயங்குகின்றன.

இத்தனை உழைப்பால் என்ன மாறியது?

என் பார்வையில், டார்வின் கடிதப் பதிப்பு தந்த பெரிய பலன் தனிமேதை என்ற படம் உடைந்ததுதான். புகழ்பெற்ற வரிகள் முன்பே தெரியும். 1844 ஜனவரியில் தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதும்போது, உயிரினங்கள் மாறக்கூடியவை என்று சொல்வது கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்கிறார் டார்வின். அப்படிப்பட்ட வரிகளுக்கு 30 தொகுதிகள் தேவையில்லை. எல்லாக் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்தபோதுதான் அவருக்குத் தகவல் கொடுத்தவர்கள் வெளியே வந்தார்கள்.

புறா வளர்ப்பவர்கள், நாற்றங்கால் நடத்தியவர்கள், கப்பல் அதிகாரிகள், குடியேற்ற நாடுகளின் அரசு ஊழியர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருந்த எட்வர்ட் பிளைத் இந்திய விலங்குகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் இங்கிருந்து புறாத் தோல்களை அனுப்பினார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலின் முதல் அத்தியாயத்திலேயே டார்வின் அவருக்கு நன்றி சொல்கிறார். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் என்று நாம் அறிந்த அதே எலியட்தான். எடின்பரோவில் தோட்டப் பணியாளராக இருந்த ஜான் ஸ்காட் டார்வினின் உதவியால் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தார். நியூஜெர்சியின் மேரி ட்ரீட் பூச்சி உண்ணும் தாவரங்களைக் கவனித்து அவருக்கு எழுதினார்.

இதில் ஒரு குறையும் வெளிச்சமாகிறது. எலியட்டின் பெயர் இருக்கிறது. சென்னையில் அவருக்குப் புறா பிடித்துக் கொடுத்தவர், தோல் உரித்துப் பதப்படுத்தியவர் பெயர் கடிதத்தில் இல்லை. எழுதத் தெரிந்தவர்களும், யாருடைய தாள்கள் பத்திரப்படுத்தப்பட்டனவோ அவர்களும்தான் கடிதத் தொகுப்பில் மிஞ்சுகிறார்கள். இதை நேர்மையாகக் குறிப்பில் சொல்வதும் ஆய்வாளரின் வேலை என்றே நினைக்கிறேன்.

கணினி வந்தால் இந்த வேலை போய்விடுமா?

படியெடுத்தலில் பெரிய மாற்றம் வந்துவிட்டது. டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருளுக்கு ஒருவரின் கையெழுத்துப் பக்கங்களைச் சரியான படியோடு கொடுத்துப் பழக்கினால், மீதிப் பக்கங்களை அதுவே ஓரளவு படித்துத் தரும். மாதக்கணக்கில் ஆகும் முதல் வரைவு சில நாட்களில் கிடைக்கும்.

ஆனால் புதிதாக ஓர் ஆபத்தும் சேர்கிறது. மனிதர் படிக்க முடியாத இடத்தில் தெரியவில்லை என்று குறிப்பார். கணினி அங்கே பொருத்தமாகத் தோன்றும் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடும். வாக்கியம் சரளமாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. ஒரு எதிர்மறைச் சொல் விடுபட்டால் ஒரு சோதனையின் முடிவே தலைகீழாகிவிடும். ஆகவே மூலத்தோடு ஒப்பிடும் வேலை குறையாது, கூடும். அப்புறம், 18 என்ற எண்ணுக்கு மாதமும் ஆண்டும் கண்டுபிடிக்கக் கப்பல் அட்டவணையைத் தேடிப் போவதும், சிதறிய துண்டுகளை ஒட்டுவதும், வாரிசிடம் அனுமதி வாங்குவதும் இன்னமும் ஆட்கள் செய்ய வேண்டியவை.

பணியின் நிலைமை

வேலை நீண்டது, ஒப்பந்தம் குறுகியது. இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் இது. டார்வின் திட்டம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு எடுத்தது. ஜெர்மன் தத்துவவாதியும் கணிதவியலாளருமான லைப்னிட்ஸின் கடிதங்களும் 15,000 அளவில் எஞ்சியுள்ளன. அவருடைய எழுத்துகளை முழுமையாகப் பதிப்பிக்கும் முடிவு 1901-ல் எடுக்கப்பட்டு, முதல் தொகுதி 1923-ல் வந்து, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஐன்ஸ்டைன் பதிப்பின் முதல் தொகுதி 1987-ல் வந்தது. அந்தப் பணியும் முடியவில்லை.

ஜெர்மனியில் அறிவியல் கழகங்கள் நீண்டகால நிதி கொடுத்து இவற்றைத் தாங்குகின்றன. ஆங்கில நாடுகளில் அறக்கட்டளைகளிடமும் அரசு நிதியங்களிடமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விண்ணப்பிக்க வேண்டும். நிதி எவ்வளவு காலத்துக்கோ அவ்வளவு காலத்துக்குத்தான் ஆய்வாளரின் வேலையும். ஒரு கையெழுத்தைத் தடங்கலின்றிப் படிக்கப் பழகவே காலம் பிடிக்கும். பழகிய ஆள் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடும். இது ஆளுக்கும் அநியாயம், திட்டத்துக்கும் நஷ்டம்.

பல்கலைக்கழக மதிப்பீட்டிலும் அநீதி உண்டு. பத்தாண்டு உழைத்த அடிக்குறிப்புகளைவிட, அவற்றை மேற்கோள் காட்டி எழுதிய ஒரு கட்டுரைக்கு அதிக மதிப்பு கிடைக்கிறது.

இந்த வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அறிவிப்பில் பார்க்க வேண்டியவை:

1. பணி எந்தக் கட்டத்துக்கு? படியெடுப்பதற்கு மட்டுமா, தேதியிட்டுக் குறிப்பு எழுதவுமா? சம்பளமும் அனுபவமும் இதைப் பொறுத்தே.

2. எந்த மொழிகள் கேட்கிறார்கள்? டார்வினுக்கு ஜெர்மன், பிரெஞ்சுக் கடிதங்களும் வந்தன. லைப்னிட்ஸுக்கு லத்தீனும் வேண்டும்.

3. நிதி எப்போது முடிகிறது? ஒப்பந்தம் நீட்டிக்கப்பட வாய்ப்பு உண்டா என்று நேர்காணலில் தயங்காமல் கேட்கலாம்.

4. பதிப்பாசிரியர் பட்டியலில் உங்கள் பெயர் வருமா, நன்றியுரையில் மட்டுமா? எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.